ரெண்டு பாட்டில் ஏத்தணும்

திண்டுக்கல் பக்கம் மாசமாக இருக்கிற பெண்ணின் உடம்பைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஓர் எண்ணில் வந்து நிற்கும். "எட்டு பாயிண்ட்தான் இருக்காம்" என்பார் மாமியார். "எனக்கு ஆறரைதான் இருந்துச்சு. ரெண்டு பாட்டில் ஏத்தினாங்க, சரியாப் போச்சு" என்பார் நாத்தனார். பாயிண்ட் என்று ஊர் சொல்வது 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதை. கண்ணாடிப் பாட்டில் போய்ப் பிளாஸ்டிக் பை வந்து எத்தனையோ காலமாகியும் பேச்சில் பாட்டில் போகவில்லை. அந்தப் பேச்சின் தொனியைக் கேட்டால், ரத்தம் ஏற்றுவதும் ஐந்தாம் மாத ஸ்கேன் போலப் பேறுகாலத்தில் வந்துபோகும் ஒரு படியாகிவிட்டது தெரியும். ஏன் ஏற்றினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாதவை.

ஒன்று, உதிரப்போக்கு. பிரசவம் ஆனதும் கருப்பை சுருங்காமல் தளர்ந்துவிட்டால், நஞ்சு பிரிந்த இடத்திலிருந்து ரத்தம் கொட்டும். மற்றது ரத்தசோகை. மாதக்கணக்காக, ஏன், வயதுக்கு வந்த நாளிலிருந்தே மெல்ல மெல்லக் குறைந்து, எட்டாம் மாதத்தில் ஒரு சீட்டில் எண்ணாக வெளிப்படுவது. முதலாவதில் கணக்கு நிமிடங்களில் ஓடுகிறது. இரண்டாவதில் மாதங்களில். இரண்டுக்கும் தொங்கவிடப்படுவது ஒரே சிவப்புப் பைதான். முதலாவதற்கு அது மருந்து. இரண்டாவதற்கு, பல நேரங்களில், தவறவிட்ட மாதங்களுக்குக் கட்டும் அபராதம்.

மனிதருக்கு மனிதர் ரத்தம் ஏற்றும் வழக்கம் வேர்விட்டதே பேறுகால அறையில்தான். லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் என்ற மகப்பேறு மருத்துவர், பிள்ளை பெற்ற பெண்கள் ரத்தம் கொட்டிச் சாவதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் 1818இல் இந்த முயற்சியில் இறங்கினார். பேறுகால உதிரப்போக்கில் இருந்த ஒரு பெண் அவர் ஏற்றிய ரத்தத்தால் பிழைத்த செய்தி 1829இல் வெளியானது. ரத்தத்தில் வகைகள் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. கார்ல் லாண்ட்ஸ்டைனர் ஏ, பி, ஓ வகைகளைப் பிரித்துக் காட்ட 1901 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிளண்டெல் ஏற்றியவர்களில் பலர் பிழைக்கவில்லை என்பதில் வியப்பில்லை. ஒரு சிலராவது பிழைத்ததே வியப்பு.

அவசரத்தின் அளவு இன்றும் மாறவில்லை. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. சுருங்க வேண்டிய தசை சுருங்காமல் போனால், அந்த ஓட்டத்தின் ஒரு பகுதி வெளியே வந்தாலே பத்து நிமிடத்தில் ஆள் வெளுத்துவிடும். கவனிப்பில்லாத பேறுகால உதிரப்போக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. நத்தத்திலிருந்தோ வேடசந்தூரிலிருந்தோ திண்டுக்கல் ஜிஎச்சுக்கு வர எவ்வளவு நேரமாகும், கொடைக்கானல் மலைப்பாதையில் இறங்கி வத்தலக்குண்டைத் தாண்ட எவ்வளவு ஆகும், திண்டுக்கல்லிலும் சமாளிக்க முடியாவிட்டால் அறுபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போக எவ்வளவு ஆகும் என்பதை அந்த இரண்டு மணி நேரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2008 செப்டம்பரில் தமிழகத்தில் ஓடத் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ், சீமாங் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தீவிர மகப்பேறு, சிசு சிகிச்சை மையங்கள், அவற்றோடு இணைந்த ரத்த வங்கிகள், ரத்தச் சேமிப்பு அறைகள் எல்லாம் இந்த நேரத்தைச் சுருக்கத்தான். 2018–20க்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு நாட்டில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர். அந்த வித்தியாசத்தில் ரத்த வங்கியின் பங்கு சிறியதில்லை.

உதிரப்போக்கில் ரத்தம் மட்டும் போதாது என்பதையும் கடந்த இருபது ஆண்டுகள் காட்டியிருக்கின்றன. டாக்காவின் மகப்பேறு மருத்துவர் சயீபா அக்தர், விலையுயர்ந்த பலூன் வாங்க வழியில்லாத இடத்தில், ஆணுறையை ரப்பர் குழாயில் கட்டி உப்புநீர் நிரப்பிக் கருப்பைக்குள் அழுத்தம் கொடுத்து ரத்தத்தை நிறுத்தினார். 2003இல் அவர் அதை வெளியிட்ட பிறகு அந்த முறை உலகம் சுற்றியது. 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த 'உமன்' ஆய்வு 2017இல் வெளியானது. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மலிவான ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் ரத்தம் கொட்டிச் சாவது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது என்று அது காட்டியது. 2023இல் ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் நடந்த 'இ-மோட்டிவ்' ஆய்வு செய்தது இன்னும் எளிமையானது. பெண்ணுக்கு அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, எவ்வளவு ரத்தம் போகிறது என்று கண்ணால் மதிப்பிடுவதற்குப் பதிலாக அளந்தார்கள். குறி தாண்டியதும் மசாஜ், மருந்து, டிரிப்ஸ் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். கடும் உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. அளவெடுக்கும் அந்த விரிப்பின் முன்னோடி கர்நாடகத்தின் பெல்காம் பகுதி ஆய்வுகளில் பயன்பட்டது என்பதை இங்கே சொல்லாமல் விடக்கூடாது.

உதிரப்போக்கு, ரத்தசோகை என்ற இந்த இரண்டு கணக்குகளும் சந்திக்கும் இடம்தான் ஆபத்தானது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிறைமாதப் பெண்ணின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 12 உள்ளவர் ஒன்றரை லிட்டர் இழந்து, இழந்த கனஅளவு நீரால் நிரம்பிய பின், ஏறக்குறைய 8.4இல் நிற்பார். களைத்திருப்பார், ஆனால் எழுந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பார். 7இல் பிரசவ அறைக்குள் நுழைந்தவர் அதே ஒன்றரை லிட்டரை இழந்தால் 4.9. இதயம் திணறும் எல்லை அது. போன ரத்தம் இருவருக்கும் ஒன்றுதான். ரத்தசோகை அதிகமுள்ள பெண்களுக்கு உதிரப்போக்கே கூடுதலாக நேர்கிறது என்பது வேறு. 2023இல் வெளியான 'உமன்-2' ஆய்வின் தரவுகளில், நடுத்தர ரத்தசோகை உள்ளவர்களைவிடக் கடும் ரத்தசோகை உள்ளவர்களுக்குச் சாவோ சாவின் விளிம்போ நேரும் வாய்ப்பு ஏழு மடங்கு இருந்தது.

ஆக, எட்டாம் மாதத்தில் 6.5 பாயிண்டோடு வந்து நிற்கும் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றாமல் பிரசவத்துக்கு அனுப்புவது சூதாட்டம். மருத்துவரைக் குறை சொல்ல இடமே இல்லை. இந்திய மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபாக்ஸியின் வழிகாட்டலும் அதையே சொல்கிறது. 34 வாரத்துக்கு முன் 5க்குக் கீழே, 34 வாரத்துக்குப் பின் 7க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்று. என் கேள்வி மருத்துவருக்கு முந்தையது. அந்தப் பெண் ஆறாம் மாதத்தில் எங்கே இருந்தார், நான்காம் மாதத்தில் எங்கே இருந்தார்?

இரும்பின் வரவு செலவைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு முழுக் கருக்காலத்துக்குப் பெண்ணுக்குக் கூடுதலாக வேண்டிய இரும்பு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம். பிள்ளைக்கும் நஞ்சுக்கும் 300, பெருகும் அவளுடைய சொந்தச் சிவப்பணுக்களுக்கு 500, அன்றாடக் கழிவுக்கு 200. சாப்பாட்டிலிருந்து இதை முழுவதும் ஈட்டுவது, அதுவும் சோறும் சாம்பாரும் ரசமுமாக ஓடும் சாப்பாட்டிலிருந்து, நடக்காத காரியம். ஒட்டன்சத்திரம் சந்தையில் முருங்கைக்கீரை கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதைத் தின்றால் போதும் என்று சொல்வது எளிது. கீரையின் இரும்பில் உடல் எடுத்துக்கொள்வது சொற்பம், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் குறையும். அதனால்தான் அரசு நான்காம் மாதத்திலிருந்து 180 நாள், நாளுக்கு ஒன்றாக, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள சிவப்புச் சத்து மாத்திரையைத் தருகிறது. 180 மாத்திரையில் 10,800 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்கு உடலில் சேர்ந்தாலே தேவையை எட்டிவிடும். கணக்கு சரியாகத்தான் போடப்பட்டிருக்கிறது.

கணக்கு சரி, களம் வேறு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. நாட்டின் சராசரி 52.2. கருவுறுதலைத் தள்ளி வைத்து 15 முதல் 49 வயதுவரை எல்லாப் பெண்களையும் எடுத்தால் தமிழ்நாட்டில் 53.4. இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். தாலி கட்டும் முன்பே, கரு தங்கும் முன்பே பாதிப் பெண்கள் காலிக் கையோடுதான் தொடங்குகிறார்கள். 180 மாத்திரை என்ற கணக்கு ஓரளவாவது கையிருப்பு உள்ள உடம்புக்குப் போட்டது. கையிருப்பே இல்லாதவருக்கு அது வட்டிக்குத்தான் சரியாகும்.

மாத்திரை ஏன் வயிற்றுக்குள் போவதில்லை என்று கிராம சுகாதார செவிலியரைக் கேட்டால் போதும், நர்ஸம்மா மூச்சுவிடாமல் சொல்வார். குமட்டல். மலச்சிக்கல். மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயம். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்ற பேச்சு. பிள்ளை பெருத்துப்போய் ஆபரேஷன் ஆகிவிடும் என்ற பேச்சு. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ஷிப்ட்டு மாறி மாறிப் போகிறவருக்கு 'சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து' என்பது எந்த நேரம் என்றே குழப்பம். நிலக்கோட்டையில் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவர் வெறும் வயிற்றில் போட்டு வாந்தியெடுத்து மறுநாளே நிறுத்திவிடுவார். இவற்றில் பெரும்பாலானவை அறியாமை இல்லை. பேச்சில் வரும் பயத்தைத் தவிர மற்றவை எல்லாம் மருந்தின் நிஜமான தொல்லைகள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு காரணத்தை நான் வைப்பேன். அது தாய்வீடு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் பிறந்த வீட்டுக்குப் போகிறாள். புகுந்த வீடு நத்தம் வட்டாரம், பிறந்த வீடு ஆத்தூர் வட்டாரம் என்றால், அவளை ஆறு மாதம் பார்த்த செவிலியர் ஒருவர், கடைசி மூன்று மாதம் பார்க்கப்போகிறவர் வேறொருவர். ஒவ்வொரு கருவுக்கும் எண் கொடுத்துக் கணினியில் பதியும் பிக்மி முறை இந்த இடைவெளியை அடைக்கத்தான் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணத்துக்கு அந்த எண் வேண்டும் என்பதால் பதிவு நன்றாகவே நடக்கிறது. எண் கணினியில் கூடவே போகிறது. பெட்டியில் மிச்சமிருந்த மாத்திரை அட்டை புகுந்த வீட்டிலேயே கிடக்கிறது.

மாத்திரை தோற்றாலும் ரத்தப்பைக்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது. நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு. ஐயர்ன் சுக்ரோஸ் 200 மில்லிகிராமை 100 மில்லி உப்புநீரில் கலந்து அரை மணி நேரத்துக்குள் ஏற்றிவிடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யக்கூடியது, தமிழ்நாட்டில் செய்கிறார்கள். 45 கிலோ எடையும் 7 பாயிண்டும் உள்ள பெண்ணை 11க்குக் கொண்டுபோய், கையிருப்பும் வைக்க வேண்டும் என்றால் வேண்டிய இரும்பு, வழக்கமான சூத்திரப்படி, 930 மில்லிகிராம் சொச்சம். ஐந்து தடவை சுக்ரோஸ் டிரிப்ஸ். புதிதாக வந்த ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் 1,000 மில்லிகிராமை ஒரே அமர்வில் ஏற்றிவிடலாம், விலைதான் கூட. இரண்டு யூனிட் ரத்தம் எவ்வளவு இரும்பு தரும்? யூனிட்டுக்கு 200 முதல் 250 மில்லிகிராம். உடனே இரண்டு பாயிண்ட் ஏறும், கையிருப்பு நிறையாது. இரும்பு டிரிப்ஸ் எதிர்மாறு. பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், ஆனால் நிற்கும். ஆகவே எந்த மருந்து என்பதை எண்ணைவிட மாதமே முடிவுசெய்கிறது. 24ஆம் வாரத்தில் 7 என்றால் டிரிப்ஸுக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. 37ஆம் வாரத்தில் அதே 7 என்றால் ரத்தப்பையைத் தவிர வழியில்லை. எண் ஒன்றேதான், பதிமூன்று வாரம் வித்தியாசம்.

டிரிப்ஸை அதிசயமாக்கிப் பேசுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. இந்தியாவின் நான்கு அரசு மருத்துவமனைகளில் மாத்திரையையும் ஐயர்ன் சுக்ரோஸையும் ஒப்பிட்டு 2019இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வில், தாய்க்கு நேரும் கடும் விளைவுகளில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மாத்திரையை ஒழுங்காக உட்கொள்ளும் பெண்ணுக்கு மாத்திரையே போதும். டிரிப்ஸ் வேண்டியிருப்பது ஒழுங்காக உட்கொள்ள முடியாதவருக்கும் நேரம் சுருங்கிப்போனவருக்கும்.

சரி, ஏற்றினால்தான் என்ன? ரத்தம்தானே. ஏற்றினால் தெம்புதானே. இந்த எண்ணம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது, சில மருத்துவமனைகளிலும்தான். நெடுநாள் ரத்தசோகையில் இருக்கும் இதயம் ஏற்கெனவே ஓடி ஓடிக் களைத்தது. அதன்மேல் இரண்டு யூனிட் முழு ரத்தத்தை மளமளவென்று ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எனவேதான் பிளாஸ்மாவைப் பிரித்துவிட்டுச் சிவப்பணுக்களை மட்டும், மெதுவாக, சிறுநீர் பிரிய மருந்தும் கொடுத்து ஏற்றுகிறார்கள். இன்னொன்று, பிறர் ரத்தத்தை எதிர்க்கும் எதிரணுக்கள். இதன் முதல் பாடமும் ஒரு பேறுகாலப் பெண்ணிடமிருந்தே வந்தது. நியூயார்க்கில் பிள்ளை இறந்து பிறந்த ஒரு பெண்ணுக்கு அவளுடைய கணவனின் ரத்தத்தை ஏற்றினார்கள். இருவருக்கும் ஓ வகைதான். இருந்தும் அவளுக்குக் கடும் எதிர்வினை வந்தது. தந்தை வழியாகப் பிள்ளைக்கு வந்த ஏதோ ஒரு கூறுக்கு எதிராகத் தாயின் உடல் முன்பே ஆயத்தமாகியிருந்தது என்று 1939இல் ஃபிலிப் லெவினும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் எழுதினார்கள். அடுத்த ஆண்டே ஆர்எச் காரணி வெளிச்சத்துக்கு வந்தது. நம் ஊரில் 'என் ரத்தத்தையே என் பொண்டாட்டிக்கு ஏத்துங்க' என்று கணவன் முன்வருவது பாசத்தின் உச்சம். இனியும் பிள்ளை பெறக்கூடிய பெண்ணுக்கு நேரடியாக ஏற்ற மிகவும் பொருத்தமற்ற ரத்தம் அவனுடையதுதான். அவன் வங்கிக்குக் கொடுக்கட்டும், வங்கி அவளுக்கு வேறொருவருடையதைக் கொடுக்கட்டும்.

பிறகு தொற்று. இதைச் சாத்தூரைச் சொல்லாமல் பேச முடியாது. திண்டுக்கல்லைத் தொட்டுச் செல்லும் அதே 44ஆம் எண் நெடுஞ்சாலையில், மதுரைக்கும் விருதுநகருக்கும் தெற்கே இருக்கிறது சாத்தூர். 2018 டிசம்பர் 3 அன்று அங்கே அரசு மருத்துவமனையில், இரண்டாம் பிள்ளையைச் சுமந்திருந்த 24 வயதுப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றப்பட்டது. காரணம் ரத்தசோகை. ரத்தம் வந்தது சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து. அதைக் கொடுத்த இளைஞருக்கு வயது 19. சில நாள் கழித்து, வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தனக்கு எச்ஐவி இருப்பது அவருக்குத் தெரிந்தது. ஓடிவந்து ரத்த வங்கியில் சொன்னவர் அவர்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. 2016இல் ஒரு முகாமில் அவர் ரத்தம் கொடுத்தபோதே தொற்று தென்பட்டிருந்தது என்பதும், அவரிடம் அது சொல்லப்படவே இல்லை என்பதும் பின்னால் வெளிவந்தது. அந்த இளைஞர் எலிமருந்து சாப்பிட்டார். டிசம்பர் 30 அன்று மதுரையில் இறந்தார். அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரி 17 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடும் வீடும் கொடுக்கும்படி அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது.

இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பரிசோதனைக் கூடத்தைப் பற்றியே எழுதினார்கள். நியாயம்தான். எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி, மேகநோய், மலேரியா என ஐந்தையும் சோதிக்காமல் எந்தப் பையும் வெளியே போகக்கூடாது என்பது சட்டம். தொற்றிய முதல் சில வாரங்கள் எந்தச் சோதனையிலும் சிக்காத காலம் உண்டு. சாத்தூரில் நடந்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை. இருந்தாலும் ஒரு கேள்வி அந்த விவாதங்களில் ஒதுங்கியே நின்றது. பிரசவத்துக்கு 45 நாள் இருக்கும்போது, உதிரப்போக்கு ஏதும் இல்லாத ஒரு பெண் ரத்தப்பையின் கீழ் படுக்க நேர்வதற்கு முந்தைய மாதங்களில் என்ன நடந்திருக்க வேண்டும் என்ற கேள்வி அது. ரத்தத்தை எவ்வளவு பத்திரமாக்கினாலும், தேவைப்படாத பையைவிடப் பத்திரமான பை இல்லை. இதைச் சொல்வது ரத்ததானத்துக்கு எதிரான பேச்சாகாது. திண்டுக்கல் வங்கியில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் நள்ளிரவில் உதிரப்போக்கோடு வருகிற இன்னொரு பெண்ணுக்கானது.

மிச்சம் என்று சொன்னேன். அப்படி எதுவும் எளிதில் மிஞ்சுவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பின்படி 1998 முதல் நாடு ஒழித்தது. அதன்பின் வங்கிகள் கல்லூரி முகாம்களையும், 'ஆள் கூட்டிட்டு வாங்க' என்று உறவினரிடம் கேட்டு வாங்கும் மாற்று ரத்தத்தையும் நம்பி ஓடுகின்றன. பரீட்சைக் காலத்திலும் கோடை விடுமுறையிலும் முகாம் வறண்டுவிடும். சிவப்பணுப் பையின் ஆயுள் 42 நாள்தான், பிளேட்லெட்டுக்கு ஐந்தே நாள். சேர்த்து வைக்கவும் முடியாது. கொடுப்பவரிடமும் ஒரு முரண் இருக்கிறது. ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 வேண்டும், எடை 45 கிலோ வேண்டும், கருவுற்றிருக்கக் கூடாது, பாலூட்டக் கூடாது. பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தசோகை உள்ள ஊரில் இந்த வாசலைத் தாண்டுகிறவர்கள் எத்தனை பேர்? முகாமுக்கு வரிசையில் வந்து, விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, 'உனக்கே பத்தாதும்மா' என்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு திருப்பியனுப்பப்படும் கல்லூரிப் பெண்களை எந்த முகாமிலும் பார்க்கலாம். அந்தத் திருப்பியனுப்புதலோடு ஒரு சத்து மாத்திரை அட்டையும் ஒரு சீட்டும் கொடுத்தனுப்பினால், ஐந்தாறு ஆண்டு கழித்து வரப்போகும் 6.5ஐ அங்கேயே பிடித்திருக்கலாம்.

பெரும்பாடும் இதே கதைதான். மாதவிலக்கு பத்து நாள் நிற்காமல் போகும், துணி துணியாக நனையும். நாற்பது வயதில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லிச் சொல்லியே ஐந்து பாயிண்டுக்கு இறங்கி, மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கும்போதுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். மூன்று பாட்டில் ஏற்றி அனுப்புகிறார்கள். கருப்பையில் கட்டியா, தைராய்டா, ரத்தம் உறைவதிலேயே கோளாறா என்று பார்த்துக் காரணத்துக்கு வைத்தியம் நடக்காவிட்டால் அடுத்த ஆண்டு அதே கட்டிலில் அதே பெண். உதிரப்போக்கில் உயிர் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் மாத்திரையாக இங்கேயும் உதவும், விலையும் அதிகமில்லை.

இந்த மாவட்டத்துக்கு ஒரு மரபு இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு உரிமையோடு எழுதுகிறேன். டி.எஸ். சௌந்தரம், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள், டெல்லி லேடி ஹார்டிஞ்சில் மருத்துவம் படித்தவர், 1947இல் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த கஸ்தூரிபா மருத்துவமனை பல தலைமுறைத் தாய்மாருக்குப் பிரசவம் பார்த்தது. 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கிய சோதனைத் திட்டம் மருத்துவமனைக்குள் காத்திராமல் வீடு வீடாகப் போனது. ஊருக்கு ஊர் ஆட்களைப் பழக்கி, தம்பதிகளின் பட்டியல் எடுத்து, பிள்ளைகளுக்கு இடையில் இடைவெளி விடுவதைப் பற்றிப் பேசியது. ஆயிரம் பேருக்கு 43 என்றிருந்த பிறப்பு விகிதம் பத்தாண்டுக்குள் 28 ஆனது. குடும்பக் கட்டுப்பாட்டு வரலாற்றில் 'ஆத்தூர் அனுபவம்' என்று இதைச் சொல்வார்கள். ரத்த வங்கியின் கணக்கில் வைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். ஆறாவது, ஏழாவது பிரசவத்தில்தான் கருப்பை எளிதில் தளரும். அடுத்தடுத்துச் சூல்கொண்ட உடம்பில்தான் இரும்பு வற்றும். பிறப்பைக் குறைத்து இடைவெளியைக் கூட்டிய அந்த ஊழியர்கள் தங்களை அறியாமலே எத்தனையோ பைகளின் தேவையைக் குறைத்தார்கள். இன்று அதே மாவட்டத்தின் தலைமை மருத்துவமனை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்திருக்கிறது. 2022 ஜனவரியில் மாநிலத்தில் ஒன்றாகத் திறக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. வசதி மருத்துவமனைக்கு வந்துவிட்டது. வீட்டு வாசலின் கதை அந்த அளவுக்கு உயரவில்லை.

தமிழ்நாட்டில் பேறுகாலச் சாவு ஒவ்வொன்றையும் தோண்டித் துருவி விசாரிக்கும் முறை 1990களிலிருந்து இருக்கிறது. இந்தியாவுக்கே முன்மாதிரி என்று அதைச் சொல்வதில் மிகையில்லை. அதே கேள்வித்தாளின் சுருக்கமான ஒரு வடிவத்தை, உதிரப்போக்கு இல்லாமல் கருக்காலத்தில் ஏற்றப்படும் ஒவ்வொரு பைக்கும் நிரப்பச் சொல்லலாம் என்பது என் கட்சி. முதல் ஹீமோகுளோபின் எந்த வாரத்தில் பார்த்தது, எவ்வளவு. மாத்திரை எத்தனை கொடுத்தது, எத்தனை உட்கொண்டது. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்ததா. 10க்குக் கீழே போனது எந்த வாரத்தில் தெரிந்தது. டிரிப்ஸ் போட்டதா, இல்லையென்றால் ஏன். தாய்வீட்டுக்குப் போனது எப்போது. ஒரு பக்கம் போதும். யாரையும் தண்டிக்க வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தின் ஓராண்டுப் பக்கங்களை ஒரு மேசையில் பரப்பினாலே, எந்த வட்டாரத்தில் ஆறாம் மாதப் பரிசோதனை விடுபடுகிறது, எந்த நிலையத்தில் சுக்ரோஸ் தீர்ந்துபோகிறது என்பது தெரிந்துவிடும்.

கேள்வித்தாளில் இன்னொரு வரியும் வேண்டும்: போன பிரசவத்துக்குப் பின் மாத்திரை சாப்பிட்டாரா? பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள் மாத்திரை உண்டு என்பது விதி. பிள்ளை வெளியே வந்ததும் எல்லாரும் தொட்டிலைப் பார்க்கத் திரும்பிவிடுவதால், பேறுகாலத்தில் இழந்த ரத்தம் அப்படியே அடுத்த கருவின் தொடக்கக் கணக்காகிவிடுகிறது. நெதர்லாந்தில் 37 மருத்துவமனைகளில் 521 பெண்களிடம் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, பிரசவத்தில் ரத்தம் இழந்து 4.8க்கும் 7.9க்கும் இடையில் நின்ற, ஆனால் பெரிய தொந்தரவு ஏதும் இல்லாத பெண்களில், ரத்தம் ஏற்றியவர்களுக்கும் ஏற்றாதவர்களுக்கும் களைப்பில் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டது. அந்தப் பெண்கள் நல்ல கையிருப்போடு கருவுற்று, நல்ல கவனிப்புக்குத் திரும்பிப் போனவர்கள். அந்த முடிவை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வரக்கூடாது. கையிருப்பை இங்கே நாமே நிரப்ப வேண்டும். அதற்குத் தனியாக நாள் தேட வேண்டியதில்லை. பிள்ளைக்குத் தடுப்பூசி போட ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் அம்மாவே தூக்கிக்கொண்டு வருகிறாள். அந்த நாள்களில் தமிழ்நாட்டில் வராத தாய் அபூர்வம். ஊசி போடும் அதே மேசையில் அவள் விரலிலும் ஒரு துளி எடுத்துப் பார்க்க ஆகும் நேரம் இரண்டு நிமிடம். எண் பத்துக்குக் கீழே இருந்தால் பதினான்காவது வாரத்துக்குள்ளேயே டிரிப்ஸைத் தொடங்கி முடித்துவிடலாம்.